சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் மாரத்தானுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் சாலையோரம் ஓடினால், மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி யாராவது ஏதாவது கேட்பார்கள். வருடத்தின் முதல் பாதியில் "யார் துரத்துகிறார்கள்?" என்ற கேலிதான். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் உண்மையான கேள்விகள் வரத் தொடங்கும். ஓடிக்கொண்டே பதில் சொல்ல மூச்சு இடங்கொடுப்பதில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் ஓட்டக் குழுவில் பலர் பட்டதும் பார்த்ததும் இதில் கலந்திருக்கின்றன.

எந்த ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் கோலாலம்பூர் மாரத்தான். 2009-இல் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் அக்டோபர் தொடக்கத்தை ஒட்டி நடக்கிறது. டத்தாரான் மெர்டேக்காவில் (சுதந்திரச் சதுக்கத்தில்) புறப்பட்டு, தலைநகரைச் சுற்றிவிட்டு, அங்கேயே வந்து முடியும். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர், அரை மாரத்தான் அதில் சரிபாதி. குறுகிய ஓட்டங்களும் உண்டு. இடங்கள் வேகமாக நிரம்பிவிடும். சம்பளம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அடுத்த வருடம்தான்.

அந்த 195 மீட்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த மாடத்துக்கு முன்னால் முடித்தார்கள். அந்தத் தூரமே 1921-இல் நிரந்தரமாகிவிட்டது. கடைசி 195 மீட்டரில் அரச குடும்பத்தை வாயார வாழ்த்தாதவர்கள் குறைவு.

முதல் தடவையே முழு மாரத்தான் ஓடலாமா?

வேண்டாம். முதலில் பத்து கிலோமீட்டர், பிறகு அரை மாரத்தான், அதற்குப் பிறகு முழுமை. "ஓடுவதென்றால் முழுசாக ஓடவேண்டும், அரைகுறை எதற்கு?" என்று மீசையை முறுக்கும் தம்பிகளை வருடா வருடம் பார்க்கிறோம். அரை மாரத்தானில் பயிற்சிக் குறையைத் துணிச்சலால் ஓரளவு ஈடுகட்டிவிடலாம். முழு மாரத்தானில் முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் அந்தத் துணிச்சல் செல்லுபடியாகாது. கழுத்தில் விழும் பதக்கத்தைப் படம் பிடித்துப் போடுவதுதான் நோக்கம் என்றால், அரை மாரத்தானுக்கும் பதக்கம் தருகிறார்கள்.

தைப்பூசத்துக்கு வெள்ளி ரதத்தோடு பத்து மலை முருகன் கோயில்வரை நடந்திருக்கிறேன். அது போதாதா?

ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பத்து மலைக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். வெறுங்காலில், இரவெல்லாம் கண்விழித்து, முடிவில் 272 படியும் ஏறியவருக்கு மனத்திடம் பற்றி நான் பாடம் எடுக்கப் போவதில்லை. களைத்த பிறகும் காலை எடுத்து வைப்பது எப்படி என்று உங்கள் உடம்புக்குத் தெரியும். அது பெரிய மூலதனம்தான். ஆனால் நடையும் ஓட்டமும் வேறு. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் இரண்டு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புகின்றன. இறங்கும்போது உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் ஒற்றைக்காலில் விழுகிறது. முட்டியும் கெண்டைக்காலும் அதற்குப் பழக மாதங்கள் ஆகும்.

நடையைக் குறைத்துச் சொல்வதாக நினைக்கவேண்டாம். 1998-இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் ஜி. சரவணன் தங்கம் வென்றது 50 கிலோமீட்டர் வேகநடையில்தான். மாரத்தானைவிட எட்டு கிலோமீட்டர் அளவுக்கு அதிகம், அதுவும் எப்போதும் ஒரு கால் தரையில் பட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்ற விதியோடு. நம் பிள்ளைகளுக்குக் கால்பந்து வீரர்களின் பெயர்கள் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தமுண்டு.

தோட்டத்துச் சாலையில் பயிற்சி செய்தால் நகரத்தில் ஓட முடியுமா?

முடியும். கோலாலம்பூர்க்காரர்கள் பூங்காவைத் தேடிக் காரில் போகிறார்கள். நமக்கு லிந்தாங் சாலையில் கொஞ்ச தூரம் போனால் வாகன நெரிசலே இல்லை. எல்பில், ஹீவுட் பக்கமெல்லாம் தீம்பாருக்குள் (தோட்டக்காட்டுக்குள்) செம்மண் பாதைகள் கிடக்கின்றன. மேடும் பள்ளமுமாக இருப்பதால் கணுக்கால் உறுதிப்படும், மண் தரை முட்டிக்கும் இதமானது.

கவனிக்கவேண்டியவையும் உண்டு. செம்பனை மட்டைகளை வெட்டி வரிசையாக அடுக்கியிருக்கும் இடத்தை ஒட்டி ஓடாதீர்கள். மட்டையின் முள் சப்பாத்தின் அடிப்பாகத்தையே துளைக்கும். தவிர அந்தக் குவியலில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்கு நாகம் வரும். குலை ஏற்றிய லாரி வளைவில் ஒதுங்காது, நீங்கள்தான் ஒதுங்கவேண்டும். குட்டியோடு காட்டுப்பன்றியைக் கண்டால் வீரம் காட்டாமல் வந்த வழியே திரும்புங்கள். நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்றுவிடுங்கள். ஓடப் போனவனிடம் ஓடாதே என்று சொல்வது வேடிக்கைதான்; ஆனாலும் அநேகமாக அதுவும் நின்றுவிடும்.

தோட்டம் கற்றுத் தராதது ஒன்று இருக்கிறது: இறுகிய தார்ச்சாலையில் மணிக்கணக்காக ஓடுவது. பந்தயப் பாதை வருடத்துக்கு வருடம் சற்று மாறும் என்றாலும், அம்பாங் மேம்பால நெடுஞ்சாலை, டியூக் நெடுஞ்சாலை போன்ற பெருஞ்சாலைகள் அதில் இடம்பெற்றிருக்கின்றன. பகலில் சுங்கக்கட்டணம் கட்டி காரில் பறக்கும் சாலைகள் அவை. காரில் போகும்போது மேடென்றே தெரியாத இடமெல்லாம் காலுக்குத் தெரியும். ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது கோலகங்சார் சாலைப் பக்கம் தாரில் ஓடிப் பழகுங்கள், விடிவதற்குள், ஒளி பட்டால் மின்னும் மேலங்கியோடு. விளக்கில்லாத மோட்டார் சைக்கிள்கள் நம் ஊரில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

எவ்வளவு காலம் பயிற்சி வேண்டும்?

ஏற்கெனவே பத்து கிலோமீட்டரைச் சிரமமின்றி ஓடுகிறவருக்கு 16 முதல் 20 வாரம். வாரம் நான்கு நாள் ஓடினால் போதும். அதில் ஒன்று நீண்ட ஓட்டம். அந்த நீண்ட ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 30 அல்லது 32 கிலோமீட்டரில் நிறுத்துங்கள். வீட்டிலேயே 42-ஐ ஓடிப் பார்க்கிறேன் என்று கிளம்பவேண்டாம். அந்தக் களைப்பு தீர வாரக்கணக்கில் ஆகும். பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தைக் குறைக்கவேண்டும். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. விட்டுப்போன பயிற்சியையெல்லாம் கடைசி வாரத்தில், பரீட்சைக்கு முதல் நாள் படிப்பதுபோல் முடிக்கப் பார்க்கிறார்கள்.

கால்பந்து ஆடுகிறேன். எனக்குமா பயிற்சி?

ஆமாம். உங்களுக்கு அதிகமாகவே. பாய்ந்து ஓடி நிற்கும் கால்கள் மெதுவாக ஓடக் கற்றுக்கொள்ள நாளாகும்.

எந்தச் சப்பாத்து வாங்குவது?

காலுக்குப் பொருந்துவது எதுவோ அது. மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போய், கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடமிருக்கும்படி வாங்குங்கள். இறுக்கமாக வாங்கினால் இறக்கத்தில் நகம் முட்டி முட்டிக் கறுத்து, பிறகு விழுந்துவிடும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பெரிய நிறுவனத்தின் சின்னம் குத்திய போலிகள் மலிவாகக் கிடைக்கும். அவை மாமன் வீட்டு விருந்துக்குப் போட்டுப் போகலாம்.

'அடிடாஸ் கம்போங்' பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து சேற்றிலும் மலைப்பாதையிலும் மன்னன். மலையோட்டப் பந்தயங்களில் வெளிநாட்டுச் சப்பாத்துக்காரர்கள் வழுக்கி விழும் இடத்தில் அதைப் போட்டவர்கள் நிதானமாக இறங்கிப் போவார்கள். ஆனால் 42 கிலோமீட்டர் தாரில் அது காலை வேகவைத்துவிடும். பந்தயத்துக்குப் புதுச் சப்பாத்தும் ஆகாது; ஓரிரு நீண்ட ஓட்டங்களாவது அதில் ஓடியிருக்கவேண்டும்.

விடியற்காலை நான்கு மணிக்கு ஓடச் சொல்கிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். முழு மாரத்தான் நான்கு மணியை ஒட்டித்தான் புறப்படும். பினாங்குப் பாலத்து மாரத்தான் இன்னும் முன்னதாக, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் தொடங்கும். கோலாலம்பூரில் சூரியன் ஏழு மணியளவில்தான் உதிக்கும். அதற்குள் எவ்வளவு தூரத்தை இருட்டில் கடக்கிறோமோ அவ்வளவு நல்லது.

இந்த நேரத்தைக் கேட்டு நகரத்துப் பிள்ளைகள்தான் மலைப்பார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் பெரியவர்கள் அந்த நேரத்தில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரையில் நின்றவர்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். மாரத்தானின் கணக்கும் அதேதான்.

நமக்குச் சிக்கல் எழுவதில் அல்ல, போய்ச் சேருவதில். ஊரிலிருந்து தலைநகர் 200 கிலோமீட்டருக்கும் மேல். ஓட்ட எண்ணையும் சட்டையையும் பந்தய நாளன்று தரமாட்டார்கள். முந்தைய நாள்களில் நேரில் போய் அடையாள அட்டையைக் காட்டி வாங்கவேண்டும். சனிக்கிழமை வேலை முடித்து, இரவு காரில் புறப்பட்டு, நேராக ஓடப் போகிறேன் என்று திட்டமிடுபவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: டிக்கெட் வாங்குங்கள். சுங்கை சிப்புட் நிலையத்திலேயே இடிஎஸ் ரயில் நிற்கிறது. சனிக்கிழமை காலையில் ஏறினால் மதியத்துக்குள் எண்ணை வாங்கிவிட்டுப் படுக்கலாம்.

தங்குவதற்கு நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் அல்லது மஸ்ஜிட் இந்தியா பக்கம் பார்ப்போம். விடியற்காலை மூன்று மணிக்கு வழக்கமான நகர ரயில் ஓடாது என்பதை மறந்து, உறவினர் வீடு இருக்கிறதே என்று கிள்ளானில் போய்த் தங்கி அவதிப்பட்டவர்கள் உண்டு. சித்தி வீட்டில் தங்கினால் இன்னொரு ஆபத்து: பதினொரு மணிவரை பேச்சு, பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. பந்தயத்துக்கு முதல் நாள் இரவு எப்படியும் சரியாகத் தூக்கம் வராது, அது பெரிய குறையில்லை. வெள்ளிக்கிழமை இரவு நன்றாகத் தூங்கியிருந்தால் சமாளித்துவிடலாம்.

என் மகள் ஓடப் போகவேண்டும் என்கிறாள். பெண்பிள்ளையை அந்த இருட்டில் எப்படி அனுப்புவது?

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. பந்தயப் பாதையைப் பற்றிக் கவலை வேண்டாம்; சாலையை அடைத்திருப்பார்கள், சுற்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஓடுவார்கள், வழிநெடுகத் தொண்டூழியர்களும் மருத்துவக் குழுவும் இருப்பார்கள். கவனம் தேவைப்படுவது அறையிலிருந்து டத்தாரான் வரைக்கும். அதற்குக் குழுவாகப் போகவேண்டும். எங்கள் குழுவில் அக்காமார்கள் சேர்ந்து ஒரே அறையில் தங்கி, சேர்ந்தே நடந்து போய், முடித்த பிறகு சந்திக்க ஓர் இடத்தையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் கைத்தொலைபேசி அழைப்பை நம்பமுடியாது.

உண்மையில் நீங்கள் கேட்டிருக்கவேண்டியது ஊரில் பயிற்சி செய்யும் நாள்களைப் பற்றி. தீம்பார்ப் பாதையில் தனியாக அனுப்பாதீர்கள். இதைப் பையன்களுக்கும்தான் சொல்கிறேன். மற்றபடி, "பெண்ணுக்கு எதற்கு ஓட்டம்?" என்று பக்கத்து வீட்டார் கேட்டால், தாப்பாவிலிருந்து புறப்பட்ட எம். ராஜமணி 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வாங்கினார் என்று சொல்லுங்கள். இதே பேராக் மாநிலம்தான்.

என்ன சாப்பிடுவது? பசியாறிவிட்டு ஓடலாமா?

முதல் நாள் வழக்கமான சோறு. காரம், எண்ணெய், பருப்பு, கீரை கொஞ்சம் குறைவாக. பிரிக்ஃபீல்ட்ஸ் வந்துவிட்டோம் என்று வாழையிலையில் மூன்று தடவை சோறு வாங்கவேண்டாம்; அது ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு இருக்கட்டும். காலையில், புறப்படுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு துண்டு ரொட்டியில் காயா (தேங்காய்ப்பால் ஜாம்) தடவி, வாழைப்பழத்தோடு. வழக்கமாகக் காப்பி குடிப்பவர் குடிக்கலாம். அன்றைக்கென்று புதிதாக எதையும் முயலக்கூடாது. இலவசமாகக் கிடைத்ததே என்று எனர்ஜி ஜெல்லை முதன்முதலாகப் பந்தயத்தில் பிழிந்து வாயில் விட்டவர், அடுத்த கழிப்பறை எங்கே என்று தேடிக்கொண்டே ஓடுவார்.

முப்பது கிலோமீட்டரில் 'சுவர்' என்கிறார்களே, அது என்ன?

உடம்பில் சேமித்திருக்கும் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோகும் இடம். ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஒரு கலோரி செலவாகும் என்பது உத்தேசக் கணக்கு. 65 கிலோ எடையுள்ளவருக்கு முழு மாரத்தானுக்கு ஏறக்குறைய 2,700 கலோரி வேண்டும். தசையிலும் ஈரலிலும் இருக்கும் கையிருப்பு 2,000-ஐ ஒட்டித்தான். மீதிக்கு உடம்பு கொழுப்பைத்தான் நம்பவேண்டும், அது மெதுவாகத்தான் எரியும். வேகமாக ஓட ஓட சர்க்கரை சீக்கிரம் கரையும்.

இப்போது காட்சி எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். புறப்படும் இடத்தில் விளக்கு வெளிச்சம், ஒலிபெருக்கி, சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டு, தோளோடு தோள் உரசும் கூட்டம். கொம்பு ஊதியதும் தோட்டத்தில் தனியாக ஓடிப் பழகியவனுக்கு ரத்தம் சூடேறும். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஓடவேண்டியவர் ஐந்தரை நிமிடத்தில் ஓடுவார். அதுவும் சுகமாக இருக்கும். பத்தாவது கிலோமீட்டரில் நம் ஊரார் எல்லாரையும் தாண்டிவிட்டேன் என்று கையசைப்பார். முப்பத்திரண்டாவதில் அவரை மறுபடி பார்ப்போம்: சாலைத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, கெண்டைக்கால் தசை தோலுக்கடியில் தானாகத் துடிக்க, சட்டையில் மார்பருகே இரண்டு இடத்தில் ரத்தக்கறையோடு நிற்பார். வேர்வையில் நனைந்த துணி உரசிய காயம் அது. வேசலின் தடவியிருந்தால் அந்தக் காயமாவது மிச்சம். அந்நேரம் வெயிலும் ஏறியிருக்கும்.

பலூன் கட்டிய வேகக்காட்டிகள் (குறித்த நேரத்தில் முடிக்கும்படி ஒரே வேகத்தில் ஓடுபவர்கள்) ஓடுவார்கள், அவர்களில் உங்கள் நேரத்துக்குரியவரின் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். ஏழு நிமிட வேகம் கடைசிவரை நிலைத்தால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முடித்துவிடலாம். உயரக் கட்டடங்களுக்கு நடுவே கைக்கடிகாரம் தூரத்தைத் தப்பாகக் காட்டும், சாலையோரப் பலகையை நம்புங்கள்.

தண்ணீர் நிலையம் ஒவ்வொன்றிலும் இரண்டு மிடறு போதும். அதிகம் குடித்தால் நல்லது என்று வயிறு குலுங்கக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கமும் வலிப்பும்கூட வரலாம். வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு ஓடும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

எனக்குச் சர்க்கரை நோய். ஓடலாமா?

மருத்துவர் அனுமதித்தால் ஓடலாம் ஐயா. இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஓட்டத்தின்போதும், பிறகு இரவிலும்கூடச் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். மருந்தின் அளவை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும், ஓட்டக் குழுவில் இருக்கும் யாரும் சொல்லக்கூடாது. பையில் குளுகோஸ் வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்தது தெரியாது, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும்.

புகைமூட்டம் வந்தால்?

2015-இல் வந்தது, மாரத்தானை ரத்தே செய்துவிட்டார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை. பயிற்சிக் காலத்திலும் அதையே பாருங்கள். மாதக்கணக்கில் உழைத்தது வீணாகிறதே என்று கோபம் வரும். கோபத்தோடு வீட்டிலேயே இருங்கள்.

மறுநாள் வேலைக்குப் போகலாமா?

திங்கட்கிழமை பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு) நிற்கலாம், குனிய முடியாது. தசை வலி உச்சத்துக்கு வருவது ஓடிய அன்று அல்ல, அடுத்த ஒன்றிரண்டு நாளில். படி ஏறுவதைவிட இறங்குவது கொடுமை. பின்பக்கமாக இறங்கும் ஓட்டக்காரர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். குலை வெட்டும் வேலையில் இருப்பவர்கள் கிராணியிடம் (தோட்டக் கணக்கரிடம்) முன்னதாகவே இரண்டு நாள் விடுப்புச் சொல்லி வையுங்கள். ஓடி முடித்த கையோடு 200 கிலோமீட்டர் கார் ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. கண் சொருகும், காலில் தசை பிடிக்கும், நெடுஞ்சாலை இரண்டையும் மன்னிக்காது.

நண்பர் வரமுடியவில்லை. அவருடைய எண்ணைப் போட்டுக்கொண்டு நான் ஓடலாமா?

கூடாது. கட்டிய பணம் வீணாகிறதே என்ற ஆதங்கம் புரிகிறது, ஆனாலும் கூடாது. பிடிபட்டால் தகுதி நீக்கம் என்பது சின்ன விஷயம். எண் அட்டைக்குப் பின்னால் அவசரத் தொடர்பும் நோய் விவரமும் எழுத இடம் விட்டிருப்பார்கள். நீங்கள் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு அந்த அட்டையைத்தான் திருப்பிப் பார்க்கும். அழைப்பு உங்கள் நண்பரின் மனைவிக்குப் போகும். அவரோ கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பசியாறுவதைப் பார்த்துவிட்டு, ஏமாற்று அழைப்பு என்று தொடர்பைத் துண்டித்துவிடுவார்.

உங்கள் எண் கைக்கு வந்ததும் அட்டையைத் திருப்பி அந்த இடத்தைப் பேனாவால் நிரப்புங்கள். பென்சில் வேர்வையில் அழிந்துவிடும்.